ஒரு சிஸ்டர் மட்டும் கண்ணை மூட வேண்டாம்

1994, ஜூன் மாதத்தில் ஒரு காலை. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பெண்கள் மெடிக்கல் வார்டு, 24 பெட். நைட் டூட்டி முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். மூன்றாம் பெட் ஆச்சிக்குச் சர்க்கரை வியாதி. ஆறரைக்கு பிளெயின் இன்சுலின் போட்டுவிட்டேன். இன்சுலின் போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும்; ஏழு மணிக்கு இட்லி வண்டி வந்துவிடும் என்பது கணக்கு.

ஆறே முக்காலுக்கு வார்டு ஜெபம். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கம்: ஒரு கீர்த்தனை, பைபிளில் நாலு வசனம், சின்னதாக ஒரு ஜெபம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்திருந்தார். வார்டைப் பார்த்ததும் அவருக்கு உருக்கம் வந்துவிட்டது; ஒவ்வொரு பெட்டுக்காகவும் தனித்தனியாக ஜெபித்தார். இட்லி வண்டி வந்து வாசலிலேயே நின்றது. ஜெப நேரத்தில் சக்கரச் சத்தம் கேட்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். நாங்கள் இரண்டு நர்சுகளும் கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றோம். பாட்டை ஆரம்பித்தவளே நான்தான்.

ஏழு இருபதுக்கு ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். மூன்றாம் பெட் ஆச்சி மட்டும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். என்ன பக்தி என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் போனால் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கை ஜில்லென்று இருக்கிறது. கூப்பிட்டால் ஒரு 'ம்' கூட இல்லை. அப்போதெல்லாம் வார்டில் குளுக்கோமீட்டர் கிடையாது. மூத்திரத்தை பெனடிக்ட் கரைசலில் காய்ச்சி நிறம் பார்க்கிற காலம். டூட்டி டாக்டருக்குக் குரல் கொடுத்துவிட்டு, லேபுக்கு ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல், ஏற்றினோம். மூன்றாவது ஆம்பியூல் போகும்போதே ஆச்சி கண்ணைத் திறந்து, "இட்லி வந்துட்டா தாயி?" என்று கேட்டார். லேபிலிருந்து வந்த ரத்தச் சர்க்கரை அளவு 38. ரொம்பவே இறங்கியிருந்தது.

ரிப்போர்ட் புத்தகத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன்: 'காலை ஜெபம் 7.20 வரை நீண்டதால் உணவு தாமதம்.' வார்டு சிஸ்டர் படித்துவிட்டு, பாதி வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். "உணவு தாமதம்னு போட்டாப் போதும். ஜெபத்தை எதுக்கு அதுல இழுக்க?"

கெட்டவர் இல்லை அவர். வலிக்காமல் ஊசி போட எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நானும் திருத்தி எழுதினேன். அதற்கப்புறம் 30 வருஷம் இதே வேலையில் இருந்து, நர்சிங் சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றேன். எத்தனையோ தவறுகளைப் பார்த்தாயிற்று. அந்தத் திருத்தம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஜெபம் நீண்டுபோவது மனுஷருக்குள் நடக்கிறதுதான். அதை எழுதாமல் விட்டதால், அடுத்த மாதமும் இட்லி வண்டி வாசலில் நின்றது.

2001-ல் நானே வார்டு சிஸ்டர் ஆனேன். இரண்டு வழக்கம் கொண்டுவந்தேன். ஒன்று, சமையலறையிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்று தகவல் வந்த பிறகே இன்சுலின். கடிகாரத்தை நம்பக் கூடாது. இரண்டாவது, வார்டு ஜெபத்தின்போது ஒரு சிஸ்டர் கண்ணை மூடக் கூடாது. அவள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ட்ரிப்ஸ், மூச்சு, முகம் மூன்றையும் பார்த்துக்கொண்டு. யார் அது என்பதை முந்தின நாளே டூட்டி லிஸ்டில் எழுதிவிடுவேன். ஆஸ்பத்திரிப் போதகரான எங்கள் சாப்ளினுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பயபக்தி குறைந்துபோகும் என்றார். "ஐயா, விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள் என்றுதானே போட்டிருக்கிறது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வசனத்தை வசனத்தால் மறிப்பது மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு ரொம்ப உதவுகிற திறமை. எந்த சிலபஸிலும் இல்லை.

இதைச் சொன்னால், ஆஸ்பத்திரியில் ஜெபமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் சி.எஸ்.ஐ. குடும்பம். காலை ஜெபம் இல்லாமல் எனக்கு நாள் ஓடாது. அதுபோக, இந்தத் தொழிலே நம் ஊருக்கு அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரைத் தேடி வந்து, பிரசவத்தில் கிடக்கும் மனைவிக்கு உதவி கேட்ட கதையை நர்சிங் பள்ளிகளில் நாடகமாகவே போடுவார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, 1902-ல் வேலூரில் மருத்துவமனை எழும்பியது; 1909-ல் நர்சு பயிற்சி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி, 1946-ல் நர்சிங்கில் பட்டப்படிப்பு என்று வளர்ந்தது. தெற்கே நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப்பணி 1838-லேயே தொடங்கிவிட்டது.

அப்போது வசதியுள்ள குடும்பம் எதுவும் பெண்ணை நர்சாக அனுப்பாது. முன்பின் தெரியாத ஆணின் உடம்பைத் தொட வேண்டும், எந்தச் சாதிக்காரர் மலமானாலும் எடுக்க வேண்டும், ராத்திரி வெளியே தங்க வேண்டும். கிறிஸ்தவ வீட்டுப் பெண்களும் விதவைகளும்தான் முன்வந்தார்கள். என் அம்மாவின் சித்தி அப்படிப் போனவர். பதினேழு வயதில் தாலி அறுத்தவர். நம்மை இன்றைக்கும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள் அல்லவா, கன்னியாஸ்திரீகள் நோயாளிகளைப் பார்த்த காலத்து மிச்சம் அது. நாங்கள் மாட்டிக்கொண்ட தொப்பியும் அந்த முக்காட்டின் பேத்தி.

வார்டில் மதத்தை வைத்து வருகிற சண்டையும் பழையதுதான். 1854-ல் கிரிமியப் போருக்கு நைட்டிங்கேல் கூட்டிப்போன 38 பெண்களில் கத்தோலிக்கக் கன்னியர் இருந்தார்கள், ஆங்கிலிக்க சகோதரிகள் இருந்தார்கள், கூலிக்கு வேலை பார்த்த சாதாரண நர்சுகளும் இருந்தார்கள். காயம்பட்ட சிப்பாய்களை மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு தரப்பு இன்னொரு தரப்பின் மேல் புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. நைட்டிங்கேலுக்கு இதைச் சமாளிப்பதே ஒரு தனி டூட்டி.

சரி, நம் வார்டுக்கு வருகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் "ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். எல்லோரும் சரி என்பார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. பல வருஷம் இதை எங்கள் ஆஸ்பத்திரியின் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய ஒரு பெரியவர், மளிகைக் கடைக்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நீங்க கேட்டீங்கள்லா சிஸ்டர், வேண்டாம்னு சொன்னா ஊசியை வலிக்கப் போட்டுருவீங்களோன்னு பயந்து தலையை ஆட்டிட்டேன்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பாருங்கள். இடுப்பில் ஒரு பச்சைத் துணி, கையில் ஊசி, மல்லாக்கப் படுக்க வைத்து ட்ரோலியில் தள்ளிக்கொண்டு போகிறோம். அந்த நிலையில் நாம் கேட்பது எதற்கும் மனுஷன் மாட்டேன் என்பானா? அவர் உயிர் நம் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்துச் 'சரி'யைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நியாயமில்லை.

அதற்கப்புறம் கேட்கிற நேரத்தை மாற்றினோம். ட்ரோலியில் கேட்பது கிடையாது. கையில் ஊசி, பெட் பான், டிரெஸ்ஸிங் தட்டு எது இருந்தாலும் கேட்பது கிடையாது. முந்தின நாள் சாயங்காலம், நோயாளி எழுந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிற நேரத்தில் நாமும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேள்வியையும் மாற்றினோம். "ஜெபம் பண்ணலாமா" என்று கேட்டால் பதில் அதிலேயே இருக்கிறது. "மனசுக்குக் கஷ்டமா இருக்கும்போது உங்களுக்குத் தெம்பு எதுலருந்து வரும்? நாளைக்கு முன்னாடி யாரையாவது பார்க்கணுமா, ஏதாவது பண்ணணுமா?" என்று கேட்டால் ஆள் வாய் திறக்கிறார். ஒருவர் கந்த சஷ்டி கவசம் கேட்டுக்கொண்டே போகணும் என்றார். இன்னொருவர் தொழுகை நேரம் தப்பக் கூடாது என்றார். ஒரு அம்மா, கிறிஸ்தவர்தான், "யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம், என் மக கூட இருந்தாப் போதும்" என்றார். ஆச்சரியம் என்னவென்றால், "நீங்க எனக்காக சாமி கும்பிடுங்க சிஸ்டர்" என்று அவர்களாகவே கேட்டவர்கள் முன்பைவிட அதிகம்.

இந்த மாதிரிக் கேள்விகளை ஒரு முறையாக வகுத்து, ஃபிக்கா என்று பெயர் வைத்து, அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996-லேயே கொண்டுவந்திருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. நோயாளியின் கஷ்டம் என்ன என்று நர்ஸ் கண்டறிந்து எழுதுகிற நர்சிங் டயக்னோசிஸ் பட்டியலில் ஆன்மிகத் துயரம் என்று ஒன்று உண்டு; அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறோம். வார்டில் யாரும் அதை கேர் பிளானில் எழுதிப் பார்த்ததில்லை. எழுத ஆரம்பித்தால் நல்லது. ஜெபம், விபூதி, குர்ஆன் எதுவானாலும் நோயாளியின் தேவை என்று காகிதத்தில் வந்துவிட்டால், அது நம்முடைய ஆசையிலிருந்து பிரிந்துவிடும்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் ஜூனியர் ஒருத்தி போன் பண்ணும்போதெல்லாம் இதைப் பற்றிப் பேச்சு வரும். அங்கே நர்சுகளின் நடத்தை விதியிலேயே, சொந்த மத நம்பிக்கையையோ அரசியலையோ தகாத விதத்தில் நோயாளியிடம் காட்டக் கூடாது என்று இருக்கிறது. 2008 டிசம்பரில் கரோலின் பெட்ரி என்கிற நர்ஸ், வீட்டில் போய்ப் பார்த்த ஒரு வயதான அம்மாவிடம் "உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா" என்று கேட்டதற்காக சஸ்பெண்ட் ஆனார். பெரிய சத்தம் கிளம்பி, 2009 பிப்ரவரியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஷெர்லி சாப்ளின் என்கிற நர்ஸ் கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டுக்கொள்ளும் உரிமைக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். ஆஸ்பத்திரியில் பாதுகாப்பும் சுகாதாரமும் முந்தியது என்று 2013 ஜனவரியில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

என் ஜூனியர் சிரிப்பாள்: "அக்கா, இங்க ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டா விசாரணை. நம்ம ஊர்ல ஏன் பண்ணலைன்னு விசாரணை." எனக்கு இரண்டுமே கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. பெட்ரி விஷயத்தில் ஒரு வார்த்தை எச்சரிக்கை போதாதா? சங்கிலி விஷயத்தில் மட்டும் நான் ஆஸ்பத்திரி பக்கம். தாலியானாலும் சிலுவையானாலும், குனிந்து காயம் கட்டும்போது தொங்கிப் புண்ணில் படுகிற எதையும் உள்ளே பின் குத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

விசுவாசம் வேலையைக் கெடுக்கும் என்றே எழுதிக்கொண்டு போனால் பொய் சொன்னவள் ஆவேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் ஒரு லாரி டிரைவர் வந்தார். எச்.ஐ.வி. வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. தட்டை வாசலில் வைத்துக் காலால் தள்ளிய ஆயாக்களை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் படித்த நர்சுகள் மட்டும் என்ன, டெம்பரேச்சர் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுவோம். ஒரு மூத்த சிஸ்டர்தான் தினமும் அவரை உட்கார வைத்து வெந்நீரில் குளிப்பாட்டினார், தலை சீவிவிட்டார், நகம் வெட்டினார். கிளவுஸ் போடமாட்டார். "அவனை மனுஷங்க தொட்டு எத்தனை நாளாச்சோ. கர்த்தர் பார்த்துக்கிடுவார்" என்பார்.

குளிப்பாட்டுகிற விஷயத்தில் அவர் செய்தது பாடப்புத்தகப்படியே சரி. புண்ணில்லாத தோலைத் தொடுவதால் எச்.ஐ.வி. ஒட்டாது, அதற்கு கிளவுஸ் தேவையில்லை. எங்களுக்கு அது தெரியும், தெரிந்தும் பயந்தோம். ஆனால் முதுகில் இருந்த படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டும்போதும் அவர் வெறுங்கையோடுதான் போனார். அது தப்பு, நூற்றுக்கு நூறு தப்பு. நான் போய் கிளவுஸ் டப்பாவை நீட்டினேன், வாங்கவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. "சிஸ்டர், உங்க கையிலருந்து அவருக்கு ஏதாவது ஒட்டிரக் கூடாதுல்லா, அவருக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையே" என்றேன். உடனே போட்டுக்கொண்டார். அவரைக் காப்பாற்றப் போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்கமாட்டார். நோயாளிக்காக என்றால் மறுபேச்சு கிடையாது. இந்த மாதிரி மனுஷர்களிடம் விதியைப் பேசுவதைவிட அவர்களுடைய அன்பின் பாஷையிலேயே விதியைச் சொல்லிவிட்டால் வேலை சுலபம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பதினாலு வயதுப் பையன், வலிப்பு வியாதி, எப்டாயின் மாத்திரையில் மூன்று வருஷம் நன்றாக இருந்தவன். ஊரில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் 'சுகமாகிவிட்டது' என்று சொல்லிவிட்டார்கள்; அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு வாரத்துக்குள் நிற்காத வலிப்போடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். வலிப்பை அடக்கி ஐ.சி.யு.வில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கூட்டம் நடத்தியவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மறுபடியும் மாத்திரை குடுத்தா, எனக்கு விசுவாசம் இல்லைன்னு ஆகிராதா சிஸ்டர்?"

இந்தக் கேள்விக்கு நர்சிங்கில் பதில் இல்லை. நான் என்ன சொன்னாலும் உலக ஞானம் என்று போய்விடும். சாப்ளினைக் கூப்பிட்டேன், நான் விழித்திருக்கச் சொன்ன அதே சாப்ளினை. அவர் அந்த அம்மா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "பவுல் அப்போஸ்தலன் கூடவே ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சாரு, தெரியுமாம்மா? 'பிரியமான வைத்தியனாகிய லூக்கா'ன்னு எழுதுறாரு. வைத்தியன் வேண்டாம்னா எதுக்குக் கூட வச்சுக்கிட்டாரு?" அவ்வளவுதான். பையன் மாத்திரையோடு வீட்டுக்குப் போனான்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது: பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிடுகிற மாதிரி சாப்ளினையும் கூப்பிடலாம். மாத்திரையை நிறுத்தியது எந்தத் தேதி, யார் சொல்லி என்பதை கேஸ் ஷீட்டில் குற்றம் சாட்டாத பாஷையில் எழுதுவது என் வேலை. 'உங்க பாஸ்டர் சொன்னது தப்பு' என்று நாம் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த தடவை நம்மிடம் மறைப்பார்கள். நின்றுபோன மாத்திரையைவிட மறைத்த மாத்திரை ஆபத்து.

சம்பள விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என்னோடு வேலை பார்த்தவர்கள் மன்னிக்கமாட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் இது நேரடிச் சண்டையாக வராது. 'ஊழியம்' என்ற வார்த்தையாக வரும். ஆள் கூடுதலாகக் கேட்டால் ஊழியம். டபுள் டூட்டி பார்த்தால் ஊழியம். சம்பளம் கேட்டால் அழைப்பில் சந்தேகம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு அமைத்த குழு ஒன்று தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குப் பரிந்துரை தந்தது: 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குள் இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாங்கள் நிர்வாகக் கூட்டத்துக்குப் போனோம். ஒரு பெரியவர் கேட்டார், "நீங்கல்லாம் நல்ல சமாரியன் மாதிரி வேலை பார்க்க வந்தவங்க இல்லையாம்மா?"

"ஐயா, சமாரியன் காயத்தைக் கட்டிட்டு, சத்திரக்காரன் கையில இரண்டு பணம் கொடுத்து, மிச்சம் ஆனா திரும்பி வரும்போது தாரேன்னுட்டுப் போனான். ராத்திரி முழிச்சிருந்து பார்த்துக்கிட்டது சத்திரக்காரன். நாங்க சத்திரக்காரங்க" என்றேன்.

யாரும் பேசவில்லை. இதைக் கேட்டு மனம் மாறிச் சம்பளத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று எழுதத்தான் ஆசை. அந்த வருஷம் கூட்டவில்லை. காரியம் நடந்தது வேறு வழியில். ஒரு மாத நைட் டூட்டியை எண்ணி எழுதினோம்: எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், எத்தனை ஊசி அரை மணிக்கு மேல் தாமதம். இந்திய நர்சிங் கவுன்சில் பொது வார்டுக்குச் சொல்வது, பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர். எங்கள் தாளில் இருந்த எண்ணைப் பார்த்து நிர்வாகி பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு மாதத்தில் இரவுக்கு மூன்றாவது நர்ஸ் வந்தாள். 'கஷ்டமாக இருக்கிறது' என்றால் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். 'நேற்று 11 ஊசி தாமதம்' என்றால் அதற்கு அந்தப் பதில் சொல்ல முடியாது.

சின்னச் சின்ன விஷயங்களில் இன்னும் சிலது. ஐ.சி.யு.வுக்கு ஜெபக் குழு வந்தால் இரண்டு பேர், ஐந்து நிமிஷம், கை கழுவிவிட்டு. பன்னிரண்டு பேர் பாட்டோடு வந்தால் வராந்தாவில் நிறுத்துங்கள். அங்கிருந்து ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும் என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். அபிஷேக எண்ணெயை நெற்றியில் தொட்டு வைக்கலாம்; தையல் போட்ட இடத்திலும் ஊசிக் குழாய் மேலும் கூடவே கூடாது. டிரெஸ்ஸிங்கைத் தூக்கிப் பார்த்தால் நல்லெண்ணெய் மிதக்கிற கொடுமையை நான் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் வேண்டாம், எந்தச் சாமிக்கும். உபவாசம் இருக்கும் சர்க்கரை நோயாளியிடம் முதல் கேள்வி, எத்தனை மணி வரைக்கும் என்பது. டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றாமல் விடக் கூடாது. நோன்புக்கும் கார்த்திகை விரதத்துக்கும் இதேதான்.

கடைசியாக ஒன்று. 2009, ஐ.சி.யு. நான் அங்கே இன்சார்ஜ். திருச்செந்தூர் பக்கத்து ஆள், ஐம்பது வயது, மூளையில் ரத்தக்கசிவு, வென்டிலேட்டரில் இருக்கிறார். விடியும்வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராத்திரி இரண்டரைக்கு மகனைக் கூப்பிட்டேன். இருபது வயதுப் பையன், சட்டைப் பையிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்தான். பன்னீர் இலையில் மடித்த விபூதி, திருச்செந்தூரில் கொடுப்பார்களே அது. ஆனால் கட்டிலருகே வந்ததும் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. குழாய்களைப் பார்த்துப் பயந்துவிட்டான். "நீங்களே பூசிவிடுங்க சிஸ்டர்" என்று பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்தான்.

சுவரில் எங்கள் ஆஸ்பத்திரி வசனம் தொங்குகிறது. சின்ன வயதிலிருந்து நான் பாடிய பாட்டெல்லாம் எதற்கு எதிரானவை என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் நின்றேன், அதை மறைக்க விரும்பவில்லை. அப்புறம் கை கழுவினேன். இலையைப் பிரித்து, தூள் பறந்து கண்ணிலோ சக்‌ஷன் குழாயிலோ படாதபடி ஸ்டெரைல் வாட்டர் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தேன். மூன்று விரலால் நெற்றியில் இழுத்தேன். பையன் கால்மாட்டில் நின்று ஏதோ முணுமுணுத்தான். நான் என் மனசுக்குள் என் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டேன், கண்ணை மூடாமல், மானிட்டரைப் பார்த்தபடி.

நர்சஸ் நோட்ஸில் எழுதினேன்: '2.40. உறவினர் கேட்டபடி நெற்றியில் விபூதி பூசப்பட்டது. மகன் உடன் இருந்தார்.' நாலே காலுக்கு அவர் போய்விட்டார்.

காலை ரவுண்ட்ஸுக்கு மேட்ரன் வந்தார். 1994-ல் என் வரியைத் திருத்தச் சொன்ன அதே சிஸ்டர்தான் அப்போது மேட்ரன். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. ஷீட்டைப் புரட்டிக்கொண்டே வந்த விரல் அந்த வரியில் நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"குழைச்சுத்தானே பூசின?"

"ஆமா மேடம். தூள் பறக்கக் கூடாதுன்னு தண்ணி விட்டுக் குழைச்சேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனார்.